தமிழ்நாட்டுக் கடலில் யார், எங்கே, எப்போது மீன் பிடிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரை ஊரில் வளர்ந்தவன், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டில் கம்போடு போகிறவன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டுச் சைவப் பந்தியில்கூட மீனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தடைக்காலத்தில் மீன் எங்கிருந்து வருகிறது, சுருக்குமடிக்கு ஏன் அடிதடி, நான் தூண்டில் போட்டால் யாராவது பிடிப்பார்களா என்று கேள்விகள் வரும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றுதான் இது.

தடைக்காலம் என்கிறார்கள். மார்க்கெட்டில் மீன் கிடக்கிறதே, எப்படி?

தமிழ்நாட்டில் தடை விசைப்படகுகளுக்குத்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கட்டுமரம், வள்ளம், ஃபைபர், கரைவலை எல்லாம் வழக்கம்போல் போய் வரும். அவர்கள் கொண்டுவரும் நெத்திலி, காரப்பொடி, நண்டு, சங்கரா கரையிலேயே ஏலம் போய்விடும்.

மீதி வெளியிலிருந்து வருகிறது. கேரளத்தில் இழுவைமடிக்கு (படகு கடல் தரையோடு இழுத்துக்கொண்டு போகும் பை வலை) தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்குகிறது. அதுவரை அங்கிருந்து லாரி வரும். ஐஸ் கிடங்கில் இருந்த மீனும் வெளியே வரும். ஆந்திரத்துக் கட்லாவும் ரோகுவும் எப்போதும் உண்டு. ஆகவே மே மாதத்தில் உங்கள் ஊர்க் கடையில் பெரிய வஞ்சிரம் வரிசையாகக் கிடந்தால், அது எந்தக் கரை மீன், எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

இந்த 61 நாளில் உண்மையிலேயே மீன் பெருகுகிறதா?

கொஞ்சம் பெருகும். ஆனால் பத்திரிகையில் எழுதுகிற மாதிரி, கடல் மீன் எல்லாம் சேர்ந்து ஏப்ரல் 15-ஆம் தேதி முட்டையிட ஆரம்பிப்பதில்லை. வெப்ப மண்டலக் கடலில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு காலம் இருக்கிறது. சில மீன்கள் வருஷத்தில் பல முறை முட்டையிடும். சில நவம்பரில், டிசம்பரில் இடும். 61 நாள் அடைப்பில் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது.

தடையின் நிஜப் பலன் வேறு. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விசைப்படகுகள் இரண்டு மாதம் வலையை இழுக்காமல் இருக்கின்றன. தரை உழப்படாமல் கிடக்கிறது. குஞ்சுகள் இரண்டு மாதம் கூடுதலாக வளர்கின்றன. இறால் மாதிரி வேகமாக வளரும் உயிருக்கு இரண்டு மாதம் என்பது பெரிய விஷயம். ஜூன் 15 அன்று போகிற படகுக்குக் கிடைக்கும் நல்ல பாடு (பிடிபடும் மீன்) அதன் கூலி. ஆனால் அந்த முதல் வாரத்திலேயே எல்லாப் படகும் ஒன்றாகப் பாய்ந்து வாரிக்கொண்டால், சேமித்தது எத்தனை நாளைக்கு வரும்?

2001-இல் தொடங்கியபோது இது 45 நாள். 2017-இல் 61 ஆயிற்று. நாளைக் கூட்டினார்கள், சரி. இடைப்பட்ட காலத்தில் என்ஜின்களும் பெருத்தன. அதைப் பற்றிக் கீழே.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் இரண்டு தடைக்காலமா?

ஆமாம். அங்கே நிலம் ஒரு மாவட்டம், கடல் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல். கன்னியாகுமரிக்கு மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வழியாக நீரோடி வரைக்கும் மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுக்கும் நடுவே சாலையில் ஒரு மணி நேரத் தூரம் இருந்தால் அதிகம்.

கடல் மாநில அரசுடையதா, மத்திய அரசுடையதா?

கரையிலிருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் மீன்வளம் இருக்கிறது. அதற்கு அப்பால், 200 கடல் மைல் வரையிலான தனிப் பொருளாதார மண்டலம் மத்திய அரசின் கையில்.

காகிதத்தில் இது சுத்தமான கோடு. மீனுக்கும் தெரியாது, வலைக்கும் தெரியாது. சூரை மீனுக்குப் போகிற, கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்து மீனவர் காலையில் மாநிலக் கடலைத் தாண்டிப் பல நாள் மத்தியக் கடலில் இருந்துவிட்டு, கொச்சியில் மீனை இறக்குவார். பதிவு தமிழ்நாடு, பிடித்த இடம் இந்தியக் கடல், ஏலம் கேரளம். எந்த மாநிலத்துக் கணக்கில் எழுதுவது?

மாநில எல்லைக்குள் ஓடுகிற சட்டம், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். மீன்துறைக்கு அதைவிட வயது அதிகம். 1907-இல் பிரெடெரிக் நிக்கல்சன் பொறுப்பில் சென்னை மாகாணத்தில் தொடங்கிய மீன்வளப் பிரிவின் வழித்தோன்றல் அது.

படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?

ராமேசுவரம் படகு ஒன்றைப் பாருங்கள்: ஐ.என்.டி., டி.என்., 10, எம்.எம்., அப்புறம் ஒரு எண். இந்தியா, தமிழ்நாடு, 10 என்றால் ராமநாதபுரம் மாவட்டம், எம்.எம். என்றால் விசைப்படகு. 08 வந்தால் புதுக்கோட்டை, 12 வந்தால் தூத்துக்குடி. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு எம்.ஓ. என்று வரும். இலங்கைக் கடற்படை பிடித்த படகு என்று செய்தி வரும்போது இந்த எண்ணை வைத்தே எந்த மாவட்டம் என்று சொல்லிவிடலாம்.

3 கடல் மைல் விதி என்றால் என்ன? யார் பார்க்கிறார்கள்?

கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய இடம். விசைப்படகு அதற்கு வெளியேதான் வலை விரிக்க வேண்டும். சட்டம் பிறந்ததே இந்தச் சண்டையில்தான். அறுபதுகளில், எழுபதுகளில் இழுவைமடிப் படகுகள் பெருகி, கரையோரத்தில் நாட்டுப்படகுக்காரர் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போயின. வலை போனால் வீடு போன மாதிரி. கரையில் கைகலப்பு, படகுக்குத் தீ என்று போய்த்தான் சட்டம் வந்தது.

யார் பார்க்கிறார்கள் என்பது நல்ல கேள்வி. தமிழ்நாட்டுக் கரை சுமார் 1,076 கி.மீ. அதிகாலை இருட்டில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே துறைமுகத்திலிருந்து கிளம்பும்போது, மீன்துறையின் ஒரு ரோந்துப் படகு எதைத் துரத்தும்? அதனால் துறையின் பிடி முழுக்கக் கரையில் இருக்கிறது. கடலுக்குப் போக டோக்கன் தர வேண்டும். மானிய டீசல் தர வேண்டும். பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தடைக்கால நிவாரணம் தர வேண்டும். தப்பு செய்த படகுக்கு இவற்றை நிறுத்தி வைக்கலாம். ஒரு படகு உரிமையாளருக்கு அபராதத்தைவிட டீசல் நின்றுபோவதுதான் வலிக்கும்.

என் கணக்கில், தமிழ்நாட்டு மீன்பிடி நிர்வாகத்தைப் புரிந்துகொள்ள இது ஒன்று தெரிந்தால் போதும்: விதி கடலுக்கு எழுதப்பட்டிருக்கிறது, நடப்பது டீசல் பங்க்கிலும் டோக்கன் ஜன்னலிலும். ஜன்னல் இறுக்கமாக இருக்கும் ஊரில் விதி நடக்கும். தளர்ந்த ஊரில் நடக்காது. படகுகளில் இப்போது டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள், எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று திரையில் தெரியும். திரையைப் பார்த்துவிட்டு டோக்கனை நிறுத்தும் மனசு ஜன்னலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விசைப்படகு எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வர வேண்டும்?

விதிப்படி காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். தூத்துக்குடியிலும் சின்னமுட்டத்திலும் இந்த ஒருநாள் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்ற பல துறைமுகங்களில் பல நாள் கடலில் தங்கி வருவதுதான் நடப்பு. தூத்துக்குடிப் பக்கம் ‘தங்குகடல்’ என்பார்கள். யாராவது தங்குகடல் போனார் என்று தெரிந்தால் அங்கே மறுநாள் வேலைநிறுத்தம்.

சுருக்குமடி வலையில் அப்படி என்ன பிரச்சினை?

கூட்டமாக வரும் மத்தி, கானாங்கெளுத்தி, சூரையைக் கண்டதும் படகு வட்டமடித்து வலையைச் சுற்றிப் போடும். அடியில் ஓடும் கயிற்றை இழுத்தால், சுருக்குப் பையின் வாய் மூடுவதுபோல் வலையின் அடி மூடிக்கொள்ளும். கூட்டம் மொத்தமும் உள்ளே. ஒரு வலைக்குப் பல லட்சம் ரூபாய், முப்பது நாற்பது ஆள். ஒருவர் தனியாகப் போடுகிற முதல் இல்லை, பலர் பங்கு சேர்ந்து போடுவது. சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகைப் பக்கம் வேகமாகப் பரவியது.

தமிழ்நாடு 2000-ஆம் ஆண்டே இதைத் தடைசெய்துவிட்டது. பக்கத்தில் செவுள் வலை போட்டிருப்பவனுக்கு அன்றைக்கு ஒரு மீனும் மிஞ்சாது, குஞ்சும் போய்விடும், வந்து குவிகிற மீனால் விலையும் விழும் என்பது எதிர்ப்பவர் பக்கம். ‘இழுவைமடி தரையையே சுரண்டுகிறது, அதை விட்டுவிட்டு நடுநீரில் கூட்டத்தைப் பிடிக்கிற எங்களை ஏன்?’ என்பது வைத்திருப்பவர் பக்கம். இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊரில் என்னைச் சும்மா விட மாட்டார்கள். ஆனால் இருக்கிறது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரி 24-இல் இடைக்கால உத்தரவு வந்தது: 12 கடல் மைலுக்கு வெளியே மட்டும், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும், பதிவு பெற்ற படகாகவும் கண்காணிப்புக் கருவி பொருத்தியதாகவும் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 15 கி.மீ. போகிற படகு எல்லையைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை. மீதி ஏழு மணி நேரத்தில் கூட்டத்தைக் கண்டுபிடித்து, சுற்றி வளைத்து, ஏற்றிவிட வேண்டும். கூட்டம் செவ்வாய்க்கிழமை வந்தால் கும்பிடு போட்டு அனுப்ப வேண்டியதுதான்.

இரட்டைமடி, சங்காயம், சீன என்ஜின் என்று செய்தியில் வருகிறதே, அவை என்ன?

இரட்டைமடி என்றால் இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து நடுவில் ஒரு பெரிய மடியை இழுத்துக்கொண்டு போவது. சுருக்குமடியோடு சேர்த்து இதற்கும் தடை.

சங்காயம் என்றால் மடியில் அகப்பட்டு, விற்க லாயக்கில்லாத சிறு மீன், குஞ்சு, இன்னபிற. முன்பு கடலில் கொட்டிவிடுவார்கள். இப்போது கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் விலை இருக்கிறது, அதனால் கரைக்கு வருகிறது. கழிவுக்கு விலை வந்ததும் சின்னக் கண்ணி வலைக்கு ஒரு காரணமும் வந்துவிட்டது. விதிப்படி இழுவைமடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. துறைமுகத்தில் காய்கிற மடிகளைப் பார்த்தால் உங்கள் கட்டைவிரலே அளவு சொல்லிவிடும்.

சீன என்ஜின் என்பது குதிரைத்திறன் கூடிய என்ஜினுக்கு மீனவர் வைத்த பொதுப் பெயர். 2020-இல் திருத்திய விதிகளின்படி விசைப்படகின் நீளம் 24 மீட்டருக்கும், என்ஜின் 240 குதிரைத்திறனுக்கும் மேல் போகக் கூடாது. வேகமாக இழுத்தால் தப்பிக்கிற மீனும் தப்பிக்காது. சின்ன என்ஜின் வைத்திருக்கிற விசைப்படகுக்காரரே இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஊர்கள் உண்டு.

சின்ன மீன் வாங்கினால் தப்பா?

நெத்திலி வளர்ந்தாலும் நெத்திலிதான், தாராளமாக வாங்கலாம். விரல் நீள வஞ்சிரத்தையும் உள்ளங்கை அளவு சங்கராவையும் கூறு கட்டி வைத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். கேரளம் இதில் முந்திக்கொண்டது. அங்கே 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்திருக்கிறார்கள். மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு (கானாங்கெளுத்தி) 14 செ.மீ. அதற்குக் குறைந்தால் பிடித்த படகுக்கு அபராதம். சிங்கி இறாலில் நாடு முழுக்க ஏற்றுமதிக்கே எடை வரம்பு இருக்கிறது. இனத்தைப் பொறுத்து 200, 300, 500 கிராமுக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்ய முடியாது. வாங்க ஆள் இல்லை என்றால் பிடிக்க மாட்டார்கள் என்ற எளிய யோசனை. அந்த எடைக்குக் குறைந்தது உள்ளூர் ஓட்டலுக்குப் போகிறது என்பது வேறு கதை.

தொடவே கூடாத கடல் உயிர்கள் எவை?

கடல் ஆமை, கடற்பசு (ஆவுளியா), திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்), கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், அம்மணி உளுவை (திமிங்கிலச் சுறா), வேளா மீன் (ரம்பம் மாதிரி மூக்குள்ளது). இவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. பிடித்தால் மீன்துறை வராது, வனத்துறை வரும், வழக்கும் கனமாக இருக்கும். வலையில் தானாக அகப்பட்டால் உடனே விட்டுவிட வேண்டும்.

கடல் அட்டையில் மட்டும் மனவருத்தம் அதிகம். 2001-இல் பட்டியலில் சேர்த்தார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் தலைமுறையாக அட்டைக்கு மூழ்கியவர்களுக்கு ஒரே நாளில் தொழில் குற்றமாயிற்று. அக்கரையில் இலங்கையில் உரிமத்தோடு எடுக்கலாம். ஆகவே இங்கே திருட்டுத்தனமாக எடுத்தது அங்கே போகிறது.

ஆமைக்கு இன்னொரு விதியும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஆமை முட்டையிடும் கரைகளை ஒட்டி 5 கடல் மைலுக்குள் இழுவைமடி கூடாது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்தக் கோடு எவ்வளவு மதிக்கப்பட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். மடியில் ஆமை தப்பிக்கும் கருவி வைக்காததால், கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. அதாவது நஷ்டம் ஆமையோடு நிற்கவில்லை.

பாக் நீரிணையில் ஏன் எல்லை தாண்டுகிறார்கள்?

அங்கே கடல் குறுகல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம். 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் நடுவில் கோடு போட்டன. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுக்கு. அதைக் கழித்தால் கோடு வரைக்கும் விசைப்படகுக்கு மிஞ்சுவது ஒரு சிறு பட்டை. அதில் இழுத்து இழுத்து ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டது. எதிரே இலங்கைப் பக்கத்தில் போர்க்காலத்தில் மீன்பிடிப்பே குறைவாக இருந்ததால் மீன் இருந்தது. அங்கே போய்ப் பழகிப்போயிற்று.

இதை வெறும் கடற்படைப் பிரச்சினையாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அடிபடுவதும் சிறை போவதும் நம் ஆட்கள்தான், அந்தக் கொடுமை உண்மை. ஆனால் அக்கரையில் வலை அறுபட்டு உட்கார்ந்திருப்பவர்களும் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள்தான். இலங்கை 2017-இல் இழுவைமடியை முற்றிலும் தடைசெய்ததற்கு அவர்களுடைய போராட்டம் ஒரு பெரிய காரணம்.

அதே 2017-இல் இங்கே ஒரு திட்டம் வந்தது. இழுவைமடிப் படகை ஒப்படைத்துவிட்டு, 80 லட்ச ரூபாய் மதிப்பில் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகு வாங்கலாம், பெரும்பகுதி மானியம். இரண்டாயிரம் படகுகளை மாற்றுவது இலக்கு. அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. காலையில் போய் மறுநாள் காலையில் திரும்பிப் பழகியவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தூண்டில் போடச் சொன்னால் படகு மட்டும் மாறினால் போதாது, ஆளுக்குத் தொழிலே புதிது.

சட்டம் தவிர ஊர்ப் பஞ்சாயத்து என்ன செய்கிறது?

பல இடங்களில் சட்டத்தைவிட அதிகம் செய்கிறது. சோழமண்டலக் கரையின் பட்டினவர் (மீனவச் சமூகம்) ஊர்களில் எந்த வலை கூடாது, எந்த நாள் கடலுக்குப் போகக் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தால் மீறுகிறவனுக்கு அபராதம் உடனே வரும். கன்னியாகுமரிப் பக்கம் அந்த வேலையைக் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு நிர்வாகம் பார்க்கிறது. ராமநாதபுரத்தில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு பேசித் தீர்த்ததுதான். யாரும் யாருடைய வலையையும் அறுக்க வேண்டியதில்லை. குறையும் உண்டு. சக்திவாய்ந்த ஊர் சுருக்குமடிக்குத் தலையாட்டினால் பக்கத்துச் சின்ன ஊர் வாயைத் திறக்க முடியாது.

தடைக்காலத்தில் பணம் தருகிறார்களா?

தருகிறார்கள். குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்கியிருக்கிறார்கள். இது தவிரச் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து மீன் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தரும். மீனவப் பெண்களுக்கும் அதே மாதிரி உண்டு. 61 நாளுக்கு 8,000 என்றால் ஒரு நாளைக்கு 131 ரூபாய்.

நான் மீனவர் இல்லை. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட உரிமம் வேண்டுமா?

கரையில் நின்று தூண்டில் போட யாரும் உரிமம் கேட்பதில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் படகைப் பார்த்து எழுதப்பட்டது. கம்பும் ரீலும் வைத்துக்கொண்டு முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் நிற்கிற ஐ.டி. ஊழியரை அப்போது யாரும் நினைக்கவில்லை. எத்தனை மீன் எடுக்கலாம், எவ்வளவு நீளம் என்ற வரம்பும் அவர் பக்கம் திரும்பவில்லை.

இது ஓட்டை என்றுதான் சொல்வேன், நானே அதில் நுழைந்து போகிறவன் என்றாலும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கடலில் தூண்டில் போட உரிமம் வாங்க வேண்டும். அங்கே ஸ்னூக் என்று ஒரு மீன் உண்டு, நம் கொடுவாவுக்குத் தூரத்து உறவு மாதிரி. 28 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், சரி. அட்லாண்டிக் பக்கம் 32 அங்குலத்தைத் தாண்டினாலும் விட்டுவிட வேண்டும். ஏன் பெரியதை விட வேண்டும்? ஸ்னூக்கும் கொடுவாவும் முதலில் ஆண், வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். முகத்துவாரத்தில் உங்களுக்குக் கிடைக்கிற பத்து கிலோ கொடுவா பெண்ணாகத்தான் இருக்கும், லட்சக்கணக்கில் முட்டையிடுகிறவள். அவளோடு படம் எடுத்துக்கொண்டு வெட்டிவிடுகிறோம். களவா மீன் நேர்மாறு: பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். பெரியதையெல்லாம் எடுத்துவிட்டால் ஆணுக்குப் பஞ்சம்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இதுதான்: ஒரு கிலோவுக்குக் குறைந்த கொடுவாவும் நாலு கிலோவுக்கு மேற்பட்டதும் தண்ணீருக்குத் திரும்பும், நடுவில் ஒன்று வீட்டுக்கு வரும். சட்டம் கேட்கவில்லை. முதல் தடவை பெரியதை விட்டபோது கூட வந்த நண்பன் இரண்டு நாள் பேசவில்லை.

எங்கெல்லாம் தூண்டில் போடக் கூடாது?

சென்னை, காமராசர் (எண்ணூர்), வ.உ.சி. (தூத்துக்குடி) துறைமுகங்களின் வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையக் கரைகளும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. படகில் போய்த் தீவோரம் தூண்டில் போட்டால் வனத்துறை வழக்கு. இன்னொன்று, ஊர்க் கரையில் கரைவலை இழுக்கிற நேரத்தில் நடுவில் தூண்டில் வீசாதீர்கள். அதற்குச் சட்டம் தேவையில்லை, அங்கேயே தீர்ப்பு கிடைக்கும்.

காசு கொடுத்து மீனவர் படகில் தூண்டில் போடப் போகலாமா?

பலர் போகிறார்கள். மீன்பிடிக்கப் பதிவான படகு பயணிகள் படகு ஆகாது. ஏதாவது ஆனால் காப்பீடு கைவிரித்துவிடும். போவதென்றால் உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் தூண்டில்.

தடைக்காலத்தில் தூண்டில் போடலாமா?

கரையிலிருந்து போடலாம்.

மொத்தம் எவ்வளவு மீன் பிடிக்கிறோம், யார் எண்ணுகிறார்கள்?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1947-இல் தொடங்கியது. இப்போது தலைமையகம் கொச்சி, ஆனால் அதற்கு முன் பல வருஷம் நம் மண்டபத்தில் இருந்தது. அதன் ஆட்கள் இறங்குதளங்களில் குறித்த நாளில் நின்று, குறித்த படகுகள் பிடித்த மீனை இனம் இனமாகப் பார்த்து எழுதி, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுவார்கள். அப்படி வந்த கணக்கில் 2022-இல் தமிழ்நாடு 7.22 லட்சம் டன்னோடு நாட்டிலேயே முதலிடம்.

தூண்டில்காரர் வாளியில் கொண்டுபோகிற மீன் எந்த இறங்குதளத்துக்கும் வருவதில்லை, ஆகவே எந்தக் கணக்கிலும் இல்லை. ‘நாங்கள் பிடிப்பது சொற்பம்’ என்கிறோம். இருக்கலாம். எண்ணாத வரைக்கும் அதைச் சொல்ல நமக்கு வாய் இல்லை.

சீலா என்று கேட்டேன், வேறு மீனைக் கொடுத்துவிட்டார்கள். ஏமாற்றா?

இல்லை, ஊர் மாறிவிட்டது. சென்னையில் சீலா ஒரு மீன். தூத்துக்குடியில் சீலா என்றால் சென்னைக்காரரின் வஞ்சிரம். காசு கொடுப்பதற்கு முன் முழு மீனைப் பார்த்துவிடுங்கள்.

கடலில் ஆபத்து, அல்லது தப்பான நடமாட்டம். யாரிடம் சொல்வது?

கடலில் உயிருக்கு ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை, 1554. சந்தேகமான படகு, ஆள் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1093. விசைப்படகு கரையோரம் வலை இழுத்தால் அந்த மாவட்ட மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகம். முடிந்தால் படகின் பக்கவாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு கூப்பிடுங்கள். ‘நீலக் கலர் படகு சார்’ என்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.